நாளைக்கு எந்த வண்டி?

கார்த்தி: சுதா குழந்தையைப் பார்க்க நாளை விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புகிறோம். ஒரு சிக்கல். ஏ.சி. போட்டால் டிக்கென்று சத்தம், நாலைந்து விநாடி ஓடி நிற்கிறது, மறுபடி டிக். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் லேசாகத் திணறுகிறது. கேஸ் குறைவு, ஏற்றணும் என்கிறார் மெக்கானிக்.

மீனா: இந்தக் குளிரில் எதுக்குடா ஏ.சி.?

கார்த்தி: முன் கண்ணாடி உள்ளே ஆவி படிகிறது அக்கா. ரோடே தெரியவில்லை.

வசந்தா பெரியம்மா: யார் யார் எந்த வண்டி?

சேகர் மாமா: கேஸ் ஏற்றாதே! முழுசாகப் படி. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் முனையில், அதை இன்ஜினோடு சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கிறது. அது ஒட்டும் சத்தம்தான் அந்த டிக். வெயிலில் உள்ளே வரும் காற்றில் சூடு அதிகம், கம்ப்ரசர் விடாமல் ஓடும். குளிரில் எவாப்பரேட்டர், அதாவது காற்றைக் குளிரவைக்கும் பாகம், உறிஞ்சச் சூடு ஏது? ஓடத் தொடங்கியதுமே 0 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். விட்டால் அதன் மேல் உள்ள ஈரம் உறைந்து காற்று வரும் வழியையே அடைத்துவிடும்.

ரகு சித்தப்பா: மச்சான், சுருக்கமா.

சேகர் மாமா: சுருக்கம்தான் மாப்பிள்ளை. அதனால் அழுத்த சுவிட்சோ சென்சாரோ கிளட்சை விடுவிக்கும். கார் ஏ.சி.யில் போடும் ஆர்134ஏ கேஸுக்கு 0 டிகிரி என்றால் அழுத்தமானியில் சுமார் 28 பி.எஸ்.ஐ. காட்டும். அழுத்தம் ஏறியதும் மறுபடி ஒட்டும்.

ரகு சித்தப்பா: என் வண்டியில் இந்தத் தொல்லையே இல்லை.

சேகர் மாமா: உங்களுடையதில் கம்ப்ரசர் நிற்காது, கேஸைத் தள்ளும் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளும். வேறு வகை.

ரகு சித்தப்பா: அப்போ நல்ல வண்டிதான். வாங்கும்போது இதே குரூப்பில் என்ன பேச்சு பேசினீங்க!

மீனா: ஆரம்பிச்சாச்சு.

கார்த்தி: கேஸ் குறைவே இல்லையா மாமா?

சேகர் மாமா: குறைந்தாலும் இதே டிக் டிக்தான். குளிரில் அழுத்தம் தானாகவே இறங்கியிருக்கும். அதைப் பார்த்து ஏற்றினால் வெயில் காலத்தில் அழுத்தம் எகிறும். இப்படிச் செய். ஜன்னலை மூடி ஹீட்டரை வைத்து உள்ளே நன்றாகச் சூடாக்கு. உள்காற்றே சுற்றுகிற மாதிரி வைத்து, ஃபேன் முழு வேகத்தில் ஏ.சி. போடு. டிக் இடைவெளி நீண்டால் குளிரின் வேலை. நீளவில்லை என்றால் கேஸைச் சந்தேகப்படலாம்.

வசந்தா பெரியம்மா: நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கார்த்தி: பார்த்தேன் மாமா. இப்போ வெகுநேரம் விடாமல் ஓடுகிறது.

சேகர் மாமா: அவ்வளவுதான். நாளை ஹீட்டரும் ஏ.சி.யும் சேர்த்துப் போடு, ஆனால் வெளிக்காற்று வரட்டும். ஏ.சி. ஈரத்தை எடுத்துவிடும், கண்ணாடி தெளியும்.

வசந்தா பெரியம்மா: அத்தை முன் சீட்டில்தான் உட்காருவார்களாம். முகத்தில் காற்று படக்கூடாதாம்.

கார்த்தி: காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடலாம் பெரியம்மா.

ரகு சித்தப்பா: என் வண்டியில் வரச் சொல்லுங்க.

மீனா: சேகர் மாமா எந்த வண்டி என்று முதலில் சொல்லுங்க. நான் மற்றதில் வருகிறேன்.

சேகர் மாமா: மீனா!

வசந்தா பெரியம்மா: 4 மணியா, நாலரையா?

ரகு சித்தப்பா: 5க்குக் கிளம்பினாலே போதுமே.