பொருளடக்கத்தைக் கையால் தட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது?

கேள்வி

வேர்டில் 142 பக்க ஆய்வேடு. அத்தியாயத் தலைப்பு ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து 16 அளவு, போல்ட் என்று கையாலேயே மாற்றியிருக்கிறேன். பொருளடக்கமும் கையால் தட்டியதுதான். பக்க எண் வலது ஓரத்துக்குப் போக வரிசையாகப் புள்ளி வைத்தேன். நேற்று நெறியாளர் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பகுதியைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் நான்கு பக்கம் தள்ளிப்போய்விட்டது. படம் 7 இப்போது படம் 9. ‘படம் 7-இல் கண்டபடி’ என்று எழுதிய இடங்களைத் தேடித் தேடியே இரவு போயிற்று. இன்னும் இரண்டு முறையாவது திருத்தம் வரும். முதலிலிருந்து தொடங்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

பதில் 1

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மற்றவர்களின் அறிக்கைகளை ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை. வரும் கோப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். தலைப்புகளெல்லாம் ஒரே மாதிரி 16, போல்ட் என்றால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் பட்டையில் ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலின் (பெயரிட்டு வைத்த அலங்காரத் தொகுப்பு) மேல் வலது க்ளிக் செய்து, ‘அப்டேட் ஹெடிங் 1 டு மேட்ச் செலக்‌ஷன்’ கொடுங்கள். உங்கள் அலங்காரம் அந்த ஸ்டைலுக்குள் போய்விடும். அப்புறம் அடுத்த தலைப்பில் கர்சரை வைத்து, ஹோமில் வலது கோடியில் உள்ள ‘செலக்ட்’ பட்டனில், ஒரே ஃபார்மேட்டிங் உள்ளதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் வரியை அழுத்துங்கள். மிச்சத் தலைப்புகள் மொத்தமாகத் தேர்வாகும். ஹெடிங் 1-ஐ ஒருமுறை க்ளிக் செய்தால் போதும். உள்தலைப்புகளுக்கு இதையே ஹெடிங் 2-இல் செய்யுங்கள்.

பழைய பொருளடக்கத்தைத் தயங்காமல் அழித்துவிடுங்கள். ரெஃபரன்சஸ் பட்டையில் ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ கொடுத்தால் புதிது வந்துவிடும், புள்ளிகளோடு.

படங்களுக்குத்தான் பொறுமை வேண்டும். தட்டிய எண்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ரெஃபரன்சஸ் பட்டையிலேயே உள்ள ‘இன்சர்ட் கேப்ஷன்’ மூலம் கேப்ஷன் (எண்ணோடு வரும் படக்குறிப்பு) போடுங்கள். அதில் ‘நியூ லேபிள்’ என்ற பட்டனில் ‘படம்’ என்று தமிழிலேயே கொடுக்கலாம். பத்திக்குள் ‘படம் 7’ வரும் இடங்களில், அந்தக் கேப்ஷனின் எண்ணையே எடுத்துக் காட்டும் ‘கிராஸ்-ரெஃபரன்ஸ்’ வையுங்கள். படங்கள் ‘இன்லைன்’ ஆக, அதாவது எழுத்தைப் போல வரியோடு சேர்ந்தே, இருக்கட்டும். மிதக்கும் படத்தின் கேப்ஷன் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அது தொல்லை.

அதன்பின் எத்தனை திருத்தம் வந்தாலும் கன்ட்ரோல்+ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எண்களைப் புதுப்பிக்க எஃப்9. பொருளடக்கத்துக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கும். முழுப் பட்டியலையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். எல்லா எண்களும் தாமாக மாறுவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பழைய வழிக்குத் திரும்ப மனம் வராது.

பதில் 2

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரிலும் இதே முறைதான். ஹெடிங் 1-க்கு கன்ட்ரோல்+1. தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க: ஸ்டைலுக்குள் தமிழ் எழுத்துருவுக்கும் அளவுக்கும் ‘சிடிஎல்’ (தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கானது) என்று தனி இடம் இருக்கும். அதை மாற்றாமல் ஆங்கிலத்துக்கான பகுதியை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துதான் பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். எனக்கு இது புரிய ஒரு வாரமாயிற்று.

கேள்வி கேட்டவர்

செய்துவிட்டேன்! தலைப்புகளுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. படங்கள் 31, அவற்றுக்கு மாலை முழுவதும் ஆனது. ஒரே ஒரு சிக்கல்: பொருளடக்கத்தின் நடுவில் ஒரு வரைபடம் முழுசாக வந்து நிற்கிறது.

பதில் 1

அந்தப் படம் தலைப்புப் பத்திக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தினால் பத்திக் குறிகள் தெரியும். தலைப்புக்கும் படத்துக்கும் நடுவில் என்டர் தட்டி, படம் உள்ள பத்திக்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என் கொடுங்கள், அது தலைப்பு ஸ்டைலிலிருந்து சாதாரண ஸ்டைலுக்கு மாறிவிடும். பிறகு பழையபடி கன்ட்ரோல்+ஏ, எஃப்9.

கேள்வி கேட்டவர்

சரியாகிவிட்டது. இன்றே நெறியாளருக்கு அனுப்புகிறேன். மிக்க நன்றி.