'காப்புப் பலகை' வேண்டாம் என்றால் வேறென்ன?

க. எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்பணி பயில்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் வயரிங் விதியான பிஎஸ் 7671-ஐ ஒட்டி எழுதப்பட்டது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

வீட்டை நீட்டிக் கட்டும்போது புது அறையின் வெளிச்சுவரில், உட்பக்கமாக ஒரு பலகை அடிக்கிறார்களே, முகத்தில் ஜிப்சம், முதுகில் கெட்டி நுரை, அதற்குத்தான் சொல் வேண்டும். இதுவரை 'காப்புப் பலகை' (இன்சுலேஷன் போர்டு) என்று போட்டுவந்தேன். வடத்தை, அதாவது கேபிளை, சுற்றிய பிவிசி பிளாஸ்டிக்குக்கும் 'காப்பு' என்றுதான் எழுதியிருக்கிறேன். விளைவு, "காப்புக்குள் செல்லும் வடம் சூடேறி அதன் காப்பு கெடும்" என்று ஒரு வாக்கியம். படித்துப் பார்த்த மாணவர், "காப்புக்குள்ள போனா நல்லதுதானே?" என்று கேட்டார். இந்த ஒரு பலகைக்கு நல்ல பெயர் சொல்லுங்கள்.

த. எழுதியது:

க. அம்மா, அந்த மாணவர் கேட்டது நியாயம். நான் இருபது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். இந்தக் குழப்பம் ஏட்டில் மட்டும் இல்லை, வேலையிடத்திலும் இருக்கிறது.

2.5 சதுர மி.மீ. தட்டை வடத்தைச் சுவர்மேல் கிளிப் அடித்து ஓட்டினால் 27 ஆம்பியர் தாங்கும். அதே வடம் பலகைச் சுவருக்குள் நுரை நடுவில், எந்தப் பக்கத்தையும் தொடாமல் போனால் அந்த விதியின் அட்டவணை கொடுப்பது 13.5, சரிபாதி. உட்பக்கப் பலகையின் முதுகை ஒட்டியே போனால் 21 வரை கிடைக்கும், அந்த ஒரு பக்கமாவது சூடு வெளியேறுகிறது அல்லவா. இப்போது 20 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டு வடத்தை நுரைக்குள் புதைத்தால் என்ன ஆகும்? 18 ஆம்பியர் ஓடும்போது எம்சிபி விழாது. ஆனால் வடம் உள்ளே கிடந்து வேகும். கண்ணுக்கும் தெரியாது, பலகைமேல் பெயிண்ட் அடித்தாயிற்று.

நுரையில் கத்தியால் வாய்க்கால் வெட்டி, வடத்தை அழுத்திவிட்டு, மேலே ஸ்ப்ரே நுரை அடித்து மூடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'காப்பு' என்ற சொல் அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. அந்த நுரை பாலிஸ்டைரீனாக இருந்தால் இன்னொரு கேடு: பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய் நுரைக்குள் இறங்கி, உறை விறைத்துப் போகும்.

என்னைக் கேட்டால் 'நுரைப்பலகை'. கண்ணால் பார்த்ததும் புரியும்.

வே. எழுதியது:

நுரைப்பலகை என்பது பொருளின் பெயரே தவிர பயனின் பெயர் அன்று. நாளை பஞ்சு ஒட்டிய பலகை வந்தால் 'பஞ்சுப்பலகை' என்று இன்னொரு சொல் தேடுவீர்களா?

நம்மிடம் 'பொதி' இருக்கிறது. யாழின் பத்தரை, அதாவது அதன் குடத்தை, தோலால் மூடியதைப் பொருநராற்றுப்படை "பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை" என்கிறது. பொதிதல் என்பது உள்ளே வைத்து மூடுதல், நிறைத்தல். பொதிசோறு, பொதிகை, பொத்து, பொத்துதல் எல்லாம் ஒரே குடும்பம். பொதியில் மலைக்கும் இதுவே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். மேகம் பொதியும் மலை. ஆகவே 'பொதிபலகை'. வினைத்தொகை, மூன்று காலமும் அடங்கும். நுரையோ பஞ்சோ எது வந்தாலும் பொருந்தும்.

இன்னொன்று, 'ஜிப்சம்' எதற்கு? சித்த மருத்துவத்தில் அதற்குக் கற்பூரச் சிலாசத்து என்ற பெயர் உண்டே.

ந. எழுதியது:

வே. ஐயா, பொதியில் என்றால் பொது + இல், மன்றம் என்றும் கொள்வார்கள். அங்கே பொதிதல் வராது. சிலாசத்தும் வடமொழிதானே, ஜிப்சத்தைத் துரத்திவிட்டு அதை ஏன் அழைக்க வேண்டும்?

எங்கள் இலங்கைப் பாடப்புத்தகங்களில் இன்சுலேற்றருக்கு, அதாவது மின்சாரம் கடத்தாத பொருளுக்கு, 'காவலி' என்று படித்தோம். வடத்தின் பிவிசியைக் காவலி என்று வையுங்கள். பலகைக்குக் காப்பு இருக்கட்டும். இரண்டும் பிரிந்துவிடும், புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம்.

த. எழுதியது:

ந. அண்ணா, காவலி நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டில் படித்த பையன் அதை வாட்ச்மேன் என்று நினைப்பான். அதோடு, ஆபத்தான சொல் பலகையிடமே அல்லவா தங்கிவிடுகிறது?

சு. எழுதியது:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். த. சொன்னதில்தான் விடை இருக்கிறது. அறையின் பக்கம் நின்று பார்த்தால் அந்த நுரை காப்பு, குளிரிலிருந்து காக்கிறது. வடத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதே நுரை தடை, சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது. செம்புக்கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. அது போக வழி வேண்டும். வடம் நம்பியிருப்பது அந்த வழியைத்தான்; பிவிசி 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடானால் சீக்கிரம் மூப்படையும். இது மின்பணியாளருக்கான புத்தகம். அவர் வடத்தின் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

எனவே 'வெப்பத்தடைப் பலகை'. அந்தப் பலகையின் தரத்தை அளப்பதும் வெப்பத்தடை என்ற அளவால்தான், அதனால் சொல்லும் அளவும் ஒத்துப்போகின்றன. 'மின்தடை' பக்கத்திலேயே வருகிறதே என்பீர்கள். முன்னொட்டை எங்கேயும் விடாமல் எழுதினால் போதும்.

வேர் ஆராய்ச்சிக்கு ஒரு வார்த்தை: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டார்.

வே. எழுதியது:

தோன்றா என்றார், இல்லை என்று சொல்லவில்லை. சொற்பொருளின் காரணம் விழிப்பத் தோன்றாது, அதாவது உடனே விளங்காது, தேடினால் விளங்கும். தேடுவதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

'வெப்பத்தடைப் பலகை' என்பது ஒரு விளக்கம், சொல் ஆகவில்லை. எட்டு எழுத்துக்கு மேல் போனால் ஏணியில் நிற்பவர் வாயில் நிற்காது. 'பொதிபலகை' ஐந்தே எழுத்து.

த. எழுதியது:

ஐயா, ஏணியில் நிற்கும்போது நாங்கள் 'போர்டு' என்றுதான் சொல்வோம், அது எப்படியும் மாறாது. புத்தகத்தைப் படிக்கும்போது பையனுக்குப் பொறி தட்ட வேண்டும். 'தடை' என்று பார்த்ததும் "எதைத் தடுக்குது?" என்று கேட்பான். 'பொதி' என்று பார்த்தால் கழுதைதான் நினைவுக்கு வரும். நான் சு. பக்கம்.

ந. எழுதியது:

நானும் அதற்கே. ஆனால் வடத்துக்குக் காவலி என்பதை அடைப்புக்குறியிலாவது போடுங்கள் தங்கச்சி, இலங்கை வாசகர்களும் இருக்கிறார்கள்.

க. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேரமில்லாததால் இப்படி வைத்துக்கொள்கிறேன். வடத்துக்கு மட்டும் 'காப்பு', முதல் இடத்தில் (காவலி) சேர்த்து. பலகைக்கு முதலில் 'நுரை ஒட்டிய ஜிப்சம் பலகை', பிறகு எங்கும் 'வெப்பத்தடைப் பலகை'. அந்த வாக்கியம் இப்போது: "வெப்பத்தடைக்குள் புதைந்த வடத்தின் சூடு வெளியேறாது, காப்பு கெடும்." அதே மாணவரிடம் காட்டினேன். "அப்ப பலகைக்கும் சுவருக்கும் நடுவுல சுவரை ஒட்டி விடலாமா?" என்றார். அடுத்த பத்தி அதைப் பற்றித்தான்.

இனி 'எக்ஸ்டென்ஷன்' பாக்கி. 'வீட்டு இணைப்பு' என்று போட்டால் மின் இணைப்பு என்று படிக்கிறார்கள். 'நீட்டுக்கட்டு' சரியா?

வே. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது பொதிபலகையை மறுபடி கேட்பேன். நீட்டுக்கட்டு வேண்டாம், கட்டு என்றால் அங்கே வேறு பொருள் நுழையும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பழைய வீடுகளில் சொல்வது வேறு. நாளை விரிவாக எழுதுகிறேன்.