இண்டி கார் பிளவு: தொடர் யார் கையில்?

நாகர்கோவில்:
1996 மே 26 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸிலும் மிச்சிகனிலும் இரண்டு 500 மைல் இண்டி கார் பந்தயங்கள் போட்டிக்குப் போட்டியாக நடந்தன என்று படித்தேன். பெரிய அணிகளும் பெயர்பெற்ற ஓட்டுநர்களும் எதிர்ப்பக்கம் இருக்க, ஒரு பந்தயத் தளத்தின் உரிமையாளரால் தனித் தொடர் நடத்தி வெல்ல முடிந்தது எப்படி? விவரம் அறிந்த அண்ணாச்சிமார் விளக்க வேண்டும்.

தக்கலை:
அணி உரிமையாளர்கள் 1979 முதல் ‘கார்ட்’ என்ற அமைப்பின் வழியாகத் தொடரைத் தாங்களே நடத்தி வந்தார்கள். ஆனால் அதன் உயிரான, இண்டியானாபோலிஸ் தளத்தில் நடக்கும் இண்டி 500 பந்தயம் மட்டும் அவர்கள் கைக்கு வரவில்லை. செலவு ஏறுகிறது, நீள்வட்டமான ஓவல் தளங்கள் குறைகின்றன, அமெரிக்க ஓட்டுநர்களுக்கு வாய்ப்பில்லை என்று குறைகூறிய இண்டியானாபோலிஸ் தளத் தலைவர் டோனி ஜார்ஜ், 1994இல் ஐ.ஆர்.எல். என்ற புதிய தொடரை அறிவித்தார். 1996 இண்டி 500இன் 33 இடங்களில் 25 தம் தொடரில் ஓடுவோருக்கே என்று அவர் ஒதுக்கியதும், கார்ட் அணிகள் மிச்சிகனுக்குப் போயின. அங்கே பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக் கொடி அசையும் முன்பே முன்வரிசைக் கார்கள் உரசிக்கொள்ள, பின்னால் வந்தவையும் குவியலாக மோதின. கார்ட் ஓட்டுநர் ஜிம்மி வாஸர் மாற்றுக் காரில் ஏறித்தான் வென்றார். திறமையெல்லாம் எங்களிடமே என்று காட்ட நடத்திய பந்தயம் அது!

சுசீந்திரம்:
செலவும் ஓவலும் வெளியே சொன்ன காரணங்கள். முடிவெடுப்பது யார் என்பதே உண்மையான வழக்கு. எங்கள் ஊர் மார்கழித் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் எத்தனை ஆயிரம் பேரானாலும் தேர் கோயிலுடையது. அதுபோல இண்டி 500 தளத்தின் கையில் இருந்தது. அணிகளுக்குப் பணம் தரும் விளம்பர நிறுவனங்களுக்கு இண்டி 500 தேவைப்பட்டதால், 2000இல் கார்ட் அணிகளில் ஒன்றான சிப் கனாசியின் அணி அங்கே திரும்பி, ஓட்டுநர் மோன்டோயா மூலம் வென்றது. 2002இல் இன்னொரு கார்ட் அணியான பென்ஸ்கே முழுமையாகவே ஐ.ஆர்.எல். பக்கம் மாறியது. கார்ட் 2003இல் நொடித்தது, அதன் மிச்சம் 2008இல் ஐ.ஆர்.எல்.லுடன் இணைந்தது. அதற்குள் ரசிகர்களில் பெரும்பகுதியை நாஸ்கார் என்ற இன்னொரு கார் பந்தயத் தொடர் அள்ளிக்கொண்டது என்பதால், ஜார்ஜ் வென்றார் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

மார்த்தாண்டம்:
ஃபார்முலா ஒன்னிலும் இதே சண்டை மூண்டது. ஆனால் 1981இன் கன்கார்ட் ஒப்பந்தம் விதிகளைப் பன்னாட்டுக் கார் பந்தயக் கூட்டமைப்புக்கும், ஒளிபரப்பு வணிகத்தை அணிகள் சார்பில் பேசிய எக்லஸ்டன் தரப்புக்கும் பிரித்துக் கொடுத்தது. 2009இல் எட்டு அணிகள் தனித் தொடர் தொடங்குவதாக அறிவித்தும் சில நாட்களிலேயே சமரசம் வந்தது. இண்டி 500 போல மற்றவற்றையெல்லாம் விழுங்கும் ஒற்றைப் பந்தயம் அங்கே எவரிடமும் இல்லாததும் ஒரு காரணம் என்பேன்.

நாகர்கோவில்:
நன்றி. அப்படியானால் 2020 முதல் தளம், தொடர், அணி மூன்றுமே பென்ஸ்கே அணியின் உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கேயிடம் இருக்கின்றனவே? 2025 இண்டி 500 தகுதிச் சுற்றில் அவருடைய அணியின் இரண்டு கார்கள் விதிமீறலில் சிக்கியபோது, சோதித்தவர்களும் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள்தாமே?