உதவி: ஆபரேஷன் படம் எடுக்க சின்ன கேமரா எது? அவசரம்

சத்துவாச்சாரி_டாக்டர்:
வணக்கம். தியேட்டருக்குள்ள படம் எடுக்க கையடக்கமா ஒரு டிஜிட்டல் கேமரா வேணும். போன்ல எடுத்தா எது தெரியணுமோ அது மட்டும் வெள்ளையா வெளுத்துப் போகுது. ஞாயிறு சென்னை போறேன், ரிச்சி தெருவுல வாங்கிடலாம்னு இருக்கேன். மாடல் பேர் சொன்னா போதும்.

காட்பாடி_ரயிலடி:
என்ன ஆபரேஷன் சார்? வயிறா, கண்ணா, பல்லா? எவ்வளவு செலவு பண்ணுவீங்க? கிளவுஸ் போட்ட கையாலயே எடுப்பீங்களா, வேற ஆள் எடுப்பாங்களா? இது தெரியாம மாடல் எப்படி சொல்றது?

பாலாறு_மேக்ரோ:
ஒலிம்பஸ் டிஜி-6, இல்லன்னா அதுக்கு அடுத்து வந்த டிஜி-7. தண்ணி புகாது, 15 மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும், அதனால தைரியமா துடைக்கலாம். ஜூம் பண்ணா லென்ஸ் வெளியே நீளாது. 1 செ.மீ. கிட்ட போய் ஃபோகஸ் ஆகும். எறும்போட கண்ணை நானே அதுல எடுத்திருக்கேன்.

கோட்டை_அகழி (மூத்த உறுப்பினர்):
இதே கேள்வி இங்க பல தடவை வந்தாச்சு. தேடிப் பார்க்கிற பொறுமை முதல்ல வேணும். டி.எஸ்.எல்.ஆர்., கிட்டப் படத்துக்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், லென்ஸைச் சுத்தி மாட்டுற ரிங் ஃப்ளாஷ். மருத்துவப் படத்துக்கு அதுதான் முறை. சின்ன கேமரா எல்லாம் கல்யாண வீட்டுக்கு.

தியேட்டர்_சிஸ்டர்:
அகழி சார், அந்த ரிங் ஃப்ளாஷ் செட்டை ஒரு கையில தூக்கிக்கினு டேபிள் மேல சாஞ்சு நிக்கிறது நாங்கதான். கைக் கேஸ்ல ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்க டூர்னிகே பட்டை கட்டியிருக்கும், மணி ஓடிக்கினே இருக்கும். லென்ஸ் மாட்டி, ஃப்ளாஷ் சூடேத்த எல்லாம் நேரமில்ல.

டாக்டருக்கு ஒண்ணு சொல்றேன். எந்தக் கேமரா வாங்கினாலும் கழுத்துப் பட்டையை முதல்ல கழட்டிடுங்க. முன்ன நான் இருந்த இடத்துல ஒருத்தர் ஆர்வத்துல குனிஞ்சு எடுத்தாரு. பட்டை சரிஞ்சு நேரா டிரேப் (நோயாளி மேல போர்த்தின கிருமி நீக்கின துணி) மேல, காயத்துக்கு நாலு விரல் தள்ளி விழுந்துச்சு. மொத்த டிரேப்பையும் மாத்த வேண்டியதாப் போச்சு. மயக்கத்துல இருந்த அந்தப் பையனுக்கு அது தெரியாது, எனக்கு இன்னும் மறக்கல.

சத்துவாச்சாரி_டாக்டர்:
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். கை கேஸ்தான். கரும்பு மெஷின்லயும் டேனரி மெஷின்லயும் மாட்டி வர்ற விரல்கள், தசைநாண் தையல். சர்குலேட்டிங் சிஸ்டர் (ஆபரேஷன்ல கை வைக்காம வெளியே நின்னு உதவுறவங்க) எடுப்பாங்க. 40,000 வரைக்கும் போகலாம்.

ஆம்பூர்_ஸ்டுடியோ:
டாக்டர், கேமராவை மாத்தினாலும் இந்தப் பிரச்சினை கூடவே வரும். சிக்கல் வெளிச்சத்துல இருக்கு. தியேட்டர் விளக்கு நடுவுல 40,000 லக்ஸுக்குக் (வெளிச்சத்தோட அளவு) குறையாது, சிலது 1,60,000 வரைக்கும் போகும். சுத்தி இருக்கிறது கரும்பச்சைத் துணி. கேமரா துணியைப் பார்த்து "இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தைக் கூட்டுது, படத்துல காயம் வெளுத்துப் போகுது.

ஸ்பாட் மீட்டரிங் (ஒரு புள்ளியை மட்டும் பார்த்து வெளிச்சம் அளக்கிறது) வைங்க, எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்சத்தை, மைனஸ் 1 இறக்குங்க. ஒரு விளக்குத் தலையைக் கொஞ்சம் ஓரமா தள்ளச் சொன்னா ஈரத்து மேல அடிக்கிற மினுமினுப்பு குறையும். பச்சைத் துணி நிறையத் தெரிஞ்சா கேமரா தானா நிறத்தைச் சரி பண்ணுற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தோலை ரோஸ் நிறமாக்கிடும். அதனால கேஸ் தொடங்குறதுக்கு முன்னாடி, அதே விளக்குக்கு அடியில ரத்தம் படாத வெள்ளைக் காஸ் துணித் துண்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் பதிவு பண்ணிக்குங்க.

அப்புறம் அந்த 1 செ.மீ. கணக்கு. பூச்சிக்கு அது அருமை, பாலாறு அண்ணே. ஆனா சிஸ்டர் ஒரு அடி தள்ளித்தானே நிக்கணும்? நீங்க பார்க்க வேண்டியது ஜூமை முழுசா இழுத்த நிலையில எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகுதுங்கறதை. சோனி ஆர்.எக்ஸ்.100 முதல் மாடல் (2012) அகலக் கோணத்துல 5 செ.மீ., முழு ஜூம்ல 55 செ.மீ. அந்த 55ல நின்னா ஒரு உள்ளங்கை தாராளமா அடங்கும், படத்துல விரல் பகுதியை மட்டும் தனியா வெட்டி எடுக்க 20 மெகாபிக்சல் இருக்கு. அகலக் கோணத்துல கிட்ட போனா விரல் வீங்கின மாதிரி விழும்.

பாலாறு_மேக்ரோ:
டிஜி-6ல கிட்டப் படத்துக்கு இருக்கிற மைக்ராஸ்கோப் மோடு 30 செ.மீ. வரைக்கும் வேலை செய்யும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ஆம்பூர்_ஸ்டுடியோ:
சரிதான், அது ஞாயமான பதில். ஆர்.எக்ஸ்.100 லென்ஸ் வெளியே நீளும், இடுக்கைத் துடைக்க முடியாது. அந்த விஷயத்துல உங்க கேமராதான் மேல்.

கோட்டை_அகழி (மூத்த உறுப்பினர்):
இவ்வளவு சுத்தணுமா? புது போன்ல விரலை அழுத்திப் பிடிச்சு வெளிச்சத்தை இறக்கினா முடிஞ்சது.

ஆற்காடு_வக்கீல்:
நேத்து டி.எஸ்.எல்.ஆர். தவிர எதுவும் ஆகாதுன்னீங்க. போனே வேண்டாம்னு நான் சொல்வேன். எடுத்த நிமிஷம் படம் இணையக் கிடங்குக்கு ஏறிடும், சொந்தக்காரங்க குழுவுக்கும் தவறிப் போகும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்தாச்சு. நோயாளிகிட்ட ஆபரேஷன் கையெழுத்தோட நிக்காம, படத்துக்குத் தனியா எழுதி வாங்குங்க.

கோட்டை_அகழி (மூத்த உறுப்பினர்):
விரல்ல முகமா இருக்கு? யார்னு எப்படித் தெரியும்?

தியேட்டர்_சிஸ்டர்:
கையில பேரைப் பச்சை குத்தியிருப்பாங்க சார். நிறைய பேர்.

ஆற்காடு_வக்கீல்:
அதான். 1940களோட கடைசியில டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளோட மடங்கிப் போன கைகளை நிமிர்த்தின ஊர் நம்ம வேலூர். கைக்கு உரிய மரியாதை இங்க கொஞ்சம் கூடுதலாவே இருக்கணும்.

காட்பாடி_ரயிலடி:
டாக்டர், ஞாயிறு போனீங்களா? என்ன வாங்கினீங்க?

சத்துவாச்சாரி_டாக்டர்:
போகல. மச்சான்கிட்ட கிடந்த பழைய சின்ன கேமராவை வாங்கி, பட்டையைக் கழட்டி, காஸ் காட்டி, ஸ்பாட் வச்சு, மைனஸ் 1 போட்டு இன்னிக்கு எடுத்தோம். தசைநாண் மேல நீல புரோலீன் தையல் நூல் முடிச்சு தனியாத் தெரியுது. கையெழுத்தும் தனியா வாங்கிட்டேன். அடுத்த கேஸ் வந்துடுச்சு, வர்றேன். சிஸ்டருக்கும் ஆம்பூர் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.