பெருவிலகலா, பெருவிலக்கமா? வரதன் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை, கணித ஆசிரியை – திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 22 கணித தினத்துக்கு எங்கள் பள்ளியில் சிறு மலர் ஒன்று போடுகிறோம். என் பங்குக்குக் கணித அறிஞர் எஸ்.ஆர்.எஸ். வரதன் வாழ்க்கை. வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

வாழ்க்கைப் பகுதி முடிந்துவிட்டது. 1940 ஜனவரி 2 சென்னையில் பிறப்பு, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், பிறகு கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அங்கே சி.ஆர். ராவ் வழிகாட்ட 1963இல் முனைவர் பட்டம். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ரஷ்யக் கணித மேதை கோல்மோகோரோவும் ஒருவர். அதே ஆண்டு நியூயார்க் கூரான்ட் நிறுவனத்துக்குப் போனவர் அங்கேயே பேராசிரியராகி, 2007இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார். இவ்வளவும் தமிழில் தடையில்லாமல் வந்தது. பரிசு எதற்கு என்று சொல்லும் இடத்தில்தான் பேனா நிற்கிறது. ‘லார்ஜ் டீவியேஷன்ஸ்’ என்பதற்கு என்ன சொல்?

பொருளை இப்படி எழுதியிருக்கிறேன். நாணயத்தை 10 முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழுவது சாதாரணம், 100க்கு 38 தடவை நடக்கும். 100 முறை சுண்டி 60க்குக் குறையாமல் தலை விழுவது 100க்கு 3 தடவைதான். 1000 முறை சுண்டி 600க்குக் குறையாமல் விழ வேண்டுமென்றால் சுமார் 700 கோடியில் ஒன்று. மூன்றிலும் கேட்பது அதே அறுபது விழுக்காடுதான். ஆனால் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறது பாருங்கள். அந்தச் சரிவின் வேகத்தைக் கணக்கிடுவதுதான் இந்தத் துறை. 1938இல் ஸ்வீடனின் கணித அறிஞர் கிராமர் தொடங்கிவைத்ததை, 1966 முதல் வரதன் பொதுக் கோட்பாடாக வளர்த்தார்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய் காலை

பெருவிலகல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை அம்மா. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. நாணயத்தை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அதுவாக விலகுகிறது. மதுவிலக்கு, வரிவிலக்கு என்பதில் ஒருவர் இன்னொன்றை விலக்குகிறார். பாடநூலில் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்பதற்குத் ‘திட்டவிலக்கம்’ என்று போட்ட அன்றே எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பிழையைப் பெரிதாக்கி ‘பெருவிலக்கம்’ என்று அச்சில் ஏற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணம், பொறியியலாளர் – செவ்வாய் மதியம்

ஐயா சொல்வதே எனக்கும் சரியாகப் படுகிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது ‘நியம விலகல்’. உங்கள் திட்டவிலக்கமும் எங்கள் நியம விலகலும் ஒன்றுதான் என்பதே எனக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தெரியும். இந்தப் புதுச் சொல்லிலாவது இரண்டு கரையும் ஒன்றாக இருக்கட்டும்.

ஸ்ரீவைகுண்டம், தமிழ் ஆய்வு மாணவி – செவ்வாய் இரவு

ஐயா, மன்னிக்க வேண்டும், இலக்கணத்தில் ஓர் ஐயம். பழகு என்பதிலிருந்து பழக்கம் வருகிறது. ஒழுகு – ஒழுக்கம், பெருகு – பெருக்கம். ஒழுக்கம் பிறவினைப் பெயர் என்று யாரும் சொல்வதில்லை. இந்த வரிசையில் விலகு – விலக்கம் தன்வினைப் பெயராகவே நிற்கும். மயங்கு – மயக்கம், இறங்கு – இறக்கம் என்று மெல்லினம் வல்லினமாகும் இடத்திலும் இதே நிலைதான். திட்டவிலக்கம் என்று எழுதியவர்கள் தவறு செய்யவில்லை.

இன்னொன்று. பழைய நூல்களில் விலங்கல் என்றால் மலை, குறுக்கே கிடப்பது என்ற பொருளில். விலங்கு என்பதும் குறுக்காகச் செல்வதுதான். எழுந்ததும் மேற்கே பார்த்தால் பொதிகை குறுக்கே கிடக்கிறதே, அதுவும் விலங்கல்தான். விலகு, விலங்கு, விலா எல்லாம் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். நேரே போவதைக் குறுக்கே வெட்டுவதுதான் மூலப்பொருள். அப்படிப் பார்த்தால் ‘விலங்கம்’ என்றே புதிதாக ஆக்கலாமே?

தென்காசி – புதன் காலை

பழக்கம், ஒழுக்கம் வரிசையை ஒப்புக்கொள்கிறேன், நன்றாகப் பிடித்தாய் மகளே. வடிவத்தில் குற்றமில்லை. ஆனால் இன்று ‘விலக்கம்’ என்று காதில் விழுந்தால் ஊர்விலக்கம்தான் நினைவுக்கு வரும். காது கேட்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விலங்கம் வேண்டாம், மாணவன் மிருகக்காட்சிசாலை என்று படிப்பான்.

புறநானூற்றில் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்று வருகிறது. மலையில் விழுந்த மழை கல்லை அலைத்துப் பெரிய ஆறாக ஓட, அதில் தெப்பம் நீர் போகும் வழியே போகிறது. டீச்சர் கணக்கில் அந்தப் புணைதான் சராசரி. புணை நீர்வழி படாமல் ஒதுங்கிப்போனால் அது விலகல். நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்குநேரி, வங்கி ஊழியர் – புதன் மாலை

எனக்கு இலக்கணம் அவ்வளவு தெரியாது. நம்ம பக்கம் ‘விலக்கு’ என்றால் என்ன என்பதை யாருமே சொல்லவில்லையே, அண்ணாச்சி? பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரியும் பாதை. நடத்துநர் “விலக்கு இறங்கு” என்று குரல் கொடுப்பார். ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, ஊர்ப்பெயர் எழுதிய பலகை, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. பத்து வருடம் அப்படி இறங்கி நடந்தவன் நான். யாரும் யாரையும் தள்ளிவைக்காத விலக்கு அது, பாதை தானாகப் பிரிகிறது.

அப்புறம் ஒரு கேள்வி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது வரதன் கணக்கில் வருமா? அந்த வாரம் தாமிரபரணியைப் பார்த்தவர்களுக்கு ‘பெரு’ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம்.

பாளையங்கோட்டை – வியாழன் இரவு

நாங்குநேரி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வரதன் கோட்பாட்டின் உயிரான இடம் அதுதான்.

அரிய நிகழ்ச்சி எவ்வளவு அரிது என்று மட்டும் இந்தக் கோட்பாடு கேட்பதில்லை. அது நடந்தே விட்டதென்றால் எந்த வழியாக நடந்திருக்கும் என்றும் கேட்கிறது. ஆயிரம் சுண்டலில் 600 தலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் 600 முறையும் தலை, மீதி பூ என்றா விழுந்திருக்கும்? இல்லை. தொடக்கம் முதல் கடைசிவரை, பத்துக்கு ஆறு தலை விழும் நாணயம் போலவே சீராக விழுந்திருக்கும். நடக்க அரிதான வழிகளிலும் மிகக் குறைந்த அரிது எதுவோ அதன் வழியாகவே விலகல் நடக்கிறது. பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்தாலும் அதற்கென்று ஒரு தடம் இருக்கிறது. நேற்று வகுப்பில் வரைவை வாசித்தபோது கடைசி பெஞ்சுப் பையன் “டீச்சர், விலக்கு மாதிரியா?” என்று கேட்டான். அண்ணன் எழுதியதை அவனிடம் நான் சொல்லவே இல்லை.

மழையைப் பற்றி. கட்டுரையில் அதைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. நாணயத்தில் ஒரு சுண்டல் மொத்தக் கணக்கில் ஒன்றுக்கு மேல் கூட்ட முடியாது, பல சிறியவை சேர்ந்தால்தான் பெரிது உண்டாகும். மழையில் ஒரே நாள் மொத்தத்தையும் தூக்கிவிடும். அதற்குக் கணக்கு வேறு. அந்த வெள்ளத்தில் வீட்டை இழந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களிடம் தவறான உதாரணம் சொல்ல மாட்டேன்.

சொல்லுக்கு வருகிறேன். ‘பெருவிலக்கம்’ என்றே போடுகிறேன். எங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கம் கணக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள், கை பிடித்து ஏற ஒரு படி அதுதான். யாழ்ப்பாணத்து நண்பரே, முதல் முறை வரும் இடத்தில் ‘பெருவிலகல் என்றும் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறேன். விலக்குச் சாலை உதாரணமும் கட்டுரையில் உண்டு.

ஸ்ரீவைகுண்டம் – வியாழன் இரவு

சரி அக்கா. விலங்கத்தை விட்டுவிட்டேன்.

தென்காசி – வெள்ளி காலை

அச்சகத்துக்குப் போயிருக்கும், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். நான் விலகல் பக்கம்தான். ‘என்றும் சொல்வர்’ என்பதில் ‘சொல்வர்’ யார் என்று கேட்டால் என் ஊரைச் சொல்லுங்கள்.

அம்மா, கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்ட்ரூக்கும் வரதனும் சேர்ந்து செய்த வேலையைச் சொல்லும் இடத்தில் ‘மார்ட்டிங்கேல்’ என்று அப்படியே விட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்ததை வைத்து அடுத்ததை எதிர்பார்த்தால், எதிர்பார்ப்பு இப்போது கையில் இருப்பதற்குச் சமம் என்றுதானே அதற்குப் பொருள்? அடுத்த பதிப்புக்கு ‘நிகர்நடை’ என்று குறித்துவைத்திருக்கிறேன். நிகர் என்பது பெயரா உரியா என்பதைப் பற்றி மாலையில் விரிவாக எழுதுகிறேன்.