அதே ஊஞ்சல் பலகைதான், ஆனா அம்மாவுக்குத் தூக்கம் வரல

வல்லிக்கேணிக்காரன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு திருவல்லிக்கேணியில, பார்த்தசாரதி கோயில் பக்கம். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு, தேக்கு உத்திரம், கூடத்துல ஊஞ்சல். அம்மாவுக்கு இப்போ 76 வயசு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து மத்தியானத் தூக்கம் அந்த ஊஞ்சல்லதான். ராத்திரியும் அதுலதான் முதல்ல கண்ணசருவாங்க, பதினொரு மணிவாக்குல எழுந்து கட்டிலுக்குப் போவாங்க.

போன வருஷம் வீட்டை இடிச்சுக் கட்டக் கொடுத்துட்டு மேடவாக்கத்துல ஃபிளாட்டுக்கு வந்தோம். பாத்திரம் பண்டமெல்லாம் போனாலும் பலகையை மட்டும் விடமாட்டேன்னுட்டாங்க. ரெண்டு மெத்தைக்கு நடுவுல வச்சு லாரியில கொண்டு வந்தேன். தச்சரைக் கூப்பிட்டு அதே பலகை, அதே பித்தளைச் சங்கிலி, நாலு கண்ணி மட்டும் குறைச்சு ஹால் பீம்ல மாட்டினோம்.

அம்மா ஆசையா படுத்தாங்க. பத்து நிமிஷத்துல எழுந்து உட்கார்ந்துட்டாங்க. "இது ஓடுதுடா. அது ஆடும்"னாங்க. தலை லேசா கிறுகிறுக்குதாம். மூணு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சே இருக்காங்க. கிச்சன்ல லைட் எரியறதைப் பார்த்தா எனக்கு மனசே ஆறல.

ஆனா போன மாசம் மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல போனோம். தாம்பரம் தாண்டறதுக்குள்ள தூங்கினவங்க திண்டுக்கல்லுலதான் கண் முழிச்சாங்க. ஆடற உடம்புக்கும் தூக்கத்துக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா? இருந்தா, அதே பலகையில ஏன் வரல? மாத்திரைக்குப் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

ராத்திரி டூட்டி:

சார், தூக்கப் பரிசோதனை செய்யற இடத்துல பதினோரு வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். சம்பந்தம் நிச்சயமா இருக்கு.

2011-ல ஜெனீவா பல்கலைக்கழகத்துல, மத்தியானம் 45 நிமிஷம் குட்டித்தூக்கம் போடறவங்களை ஆடற கட்டில்ல படுக்க வச்சு, தலையில ஈஈஜி (மூளையோட மின் அலையைப் பதியற கருவி) மாட்டிப் பார்த்தாங்க. கட்டில் ஒரு தரம் போய்வர நாலு நொடி. ஆடாத கட்டிலைவிட அதுல சீக்கிரமா தூங்கிட்டாங்க. 2019-ல அதையே ராத்திரி முழுக்கச் செஞ்சாங்க, 18 பேர். பக்கவாட்டுல சுமார் பத்து சென்டிமீட்டர் ஆட்டம், அதே நாலு நொடி. ஆழ்ந்த தூக்கம் கூடிச்சு, நடுநடுவுல முழிப்பு குறைஞ்சுது, முந்தின நாள் மனப்பாடம் பண்ணின வார்த்தைகளைக் காலையில நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க. எல்லாரும் நல்லாத் தூங்கற சின்ன வயசுக்காரங்க, அதை மறந்துடக் கூடாது.

இதுக்குக் காரணம் காது. உள்காதுல கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு கூழ்மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். உடம்பு நகர்ந்தா அதுங்க பின்தங்கி இழுபடும், கீழே இருக்கற உயிரணுக்களோட மயிரிழைகள் சாயும், சேதி மூளை நடுவுல இருக்கற தலாமஸ் வழியா மூளை மேற்பரப்புக்குப் போகும். அந்த நிதானமான சேதி தூக்கத்துல வர்ற மூளை அலைகளை ஒரே தாளத்துக்கு இழுத்து வைக்குதுங்கறதுதான் அவங்க சொன்னது. அதே 2019-ல சுவிட்சர்லாந்துலயே லோசான்ல எலிகளை வச்சுச் செஞ்சாங்க. அந்தக் காது உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால ஒரு பலனும் இல்ல. சாதாரண எலிக்கும் நாலு நொடி ஆட்டம் பத்தல, நொடிக்கு ஒரு ஆட்டம் வேண்டியிருந்துது. வேகம் ஆளுக்கு ஏத்த மாதிரி அமையணும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. படுக்கையில புரளும்போதும் தலை சுத்துதான்னு அம்மாகிட்ட கேளுங்க. வயசானவங்களுக்கு அந்தத் துகள் இடம் மாறி உள்காதுலயே இருக்கற அரைவட்டக் குழாய்க்குள்ள போயிடறது உண்டு, அதனால தலை சுத்தும். அப்படின்னா முதல்ல காது-மூக்கு-தொண்டை டாக்டர், அப்புறம் ஊஞ்சல்.

கொளத்தூர் சைட் இன்ஜினியர்:

அம்மா சொன்னது அட்சரசுத்தமா சரி சார். உங்க தச்சர் நாலு கண்ணியைக் குறைச்சாரே, அங்கதான் விஷயம்.

ஊஞ்சல் ஒரு தரம் போய்வர ஆகற நேரத்தைச் சங்கிலி நீளம்தான் தீர்மானிக்கும். பலகையோட எடையும் ஆளோட எடையும் கணக்குலயே வராது. சங்கிலியை மீட்டர்ல அளந்து, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டால பெருக்குங்க, நொடி வந்துடும். பழைய வீட்டுக் கூரை எவ்வளவு உயரம்? இப்போ எவ்வளவு? முடிஞ்சா ஆட்டத்தை எண்ணியே பாருங்க.

அப்புறம், ஃபேன் கொக்கியில மாட்டலையே? பீம்ல போல்ட் போட்டிருந்தா சரி.

வல்லிக்கேணிக்காரன்:

சார், கை நடுங்கிக்கிட்டே எழுதறேன். பழைய வீட்டுக் கூடம் பதினாலு அடி. பலகை தரையில இருந்து ஒன்றரை அடி. அப்போ சங்கிலி பன்னிரண்டரை அடி, 3.8 மீட்டர். உங்க கணக்குல 3.9 நொடி. இங்க சங்கிலி எட்டடி, 2.44 மீட்டர், 3.1 நொடி.

நம்பாம பழைய ஃபோனைத் தேடினேன். தங்கச்சி பொண்ணு எடுத்த நவராத்திரி வீடியோ ஒண்ணு இருந்தது. கொலுப்படிக்கு இந்தப் பக்கம் அம்மா ஊஞ்சல்ல ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்க, முந்தானை நுனி தரையைத் தொட்டுத் தொட்டுப் போகுது. முந்தானை எங்க திரும்புதுன்னு பார்த்து எண்ணினேன். பத்து ஆட்டம் 39 நொடி. இங்க ஹால்ல எண்ணினேன், 31.

ஜெனீவாவுல மோட்டார் வச்சு ஆட்டின வேகத்துலயே அம்மா அம்பது வருஷம் தூங்கியிருக்காங்க. இந்தக் கூரையை உயர்த்த முடியாது. என்ன செய்யலாம்?

கொளத்தூர் சைட் இன்ஜினியர்:

நேரத்தை மாத்த முடியாது, வீச்சைக் குறைக்கலாம். அதே தூரம் ஆட்டினா, இந்தச் சின்னச் சங்கிலியில உடம்பு உணர்ற உந்து பழசைவிட ஒன்றரை மடங்குக்குமேல. அங்க ஒரு அடி ஆடினா இங்க எட்டு அங்குலத்துக்குள்ள நிறுத்துங்க, அந்த உந்து பழைய அளவுக்கு வந்துடும்.

வேளச்சேரி தூளி:

அண்ணா, அம்மா தானே காலை ஊனி ஆட்டிக்கறாங்களா? அப்படின்னா தூக்கம் எப்படி வரும், கால் வேலை பார்த்துக்கிட்டே இருக்கே. என் பொண்ணைத் தூளியில போட்டப்போ நாங்க கொடிக்கயிறு கட்டித் தள்ளி உட்கார்ந்து ஆட்டினோம். அதுலயும் குழந்தை டாக்டர் திட்டினாங்க, தூளியில மோவாய் நெஞ்சுல முட்டி மூச்சு அடைபடலாம், தூங்கினதும் தட்டையான படுக்கையில மல்லாக்கப் போடுன்னு. போட்டதும் வீல்னு முழிச்சுக்கும். ஜப்பான்ல ரிக்கென்ங்கற ஆராய்ச்சி நிலையத்துல 2022-ல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. அழற குழந்தையை அஞ்சு நிமிஷம் தூக்கிக்கிட்டு நடந்து, தூங்கினதும் உடனே கிடத்தாம அஞ்சுல இருந்து எட்டு நிமிஷம் மடியிலயே வச்சுட்டுக் கிடத்தச் சொன்னாங்க. எங்க வீட்டுல அது நடந்தது. அம்மாவையும் ராத்திரி முழுக்கப் பலகையில விட்டுடாதீங்க அண்ணா, கைப்பிடி இல்லாத பலகை, இருட்டுல எழுந்தா விழுந்துடுவாங்க.

வல்லிக்கேணிக்காரன்:

அஞ்சு நாள் ஆச்சு. புரளும்போது சுத்தல் இல்லைன்னு அம்மா சொன்னாங்க, ஊஞ்சல் ஆடும்போது மட்டும்தானாம். டைல்ஸ்ல எட்டு அங்குலத்துக்குச் சாக்பீஸ் கோடு ரெண்டு போட்டேன். சங்கிலி அடி வளையத்துல பருத்திக் கயிறு கட்டி, பால்கனிக் கதவுகிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பழைய வீட்டுல அப்பா ஈஸிசேர்ல சாய்ஞ்சுக்கிட்டே காலால தள்ளுவார், அது எனக்கு உங்க கேள்விக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது தங்கச்சி.

முதல் நாள் ராத்திரி பன்னிரண்டாவது நிமிஷம் அம்மா கையில இருந்த விசிறி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கல. கயிறை விட்டுட்டு, ஊஞ்சல் தானா நின்னப்புறம் எட்டு நிமிஷம் பார்த்து, தோளைத் தொட்டேன். அரைக்கண்ணோட நடந்து கட்டிலுக்குப் போய்ப் படுத்தவங்க பால்காரர் வரும்போதுதான் எழுந்தாங்க. அஞ்சு ராத்திரியில மூணு ராத்திரி அப்படி. மத்த ரெண்டு ராத்திரியும் ஒரு மணி வரைக்கும் முழிப்புதான்.

ஒரே ஒரு சந்தேகம் சார். இடது கொக்கி மட்டும் கிறீச்சுங்குது. பழைய வீட்டுல அம்மா விளக்கெண்ணெய் விடுவாங்க. இங்கயும் அதுவே விடலாமா, இல்ல கிரீஸா?

கொளத்தூர் சைட் இன்ஜினியர்:

கிரீஸ். ஆனா தடவறதுக்கு முன்னாடி சங்கிலியைக் கழட்டி, கொக்கி வளைவுல பள்ளம் விழுந்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. பள்ளம் இருந்தா அன்னைக்கு ராத்திரி மாட்டாதீங்க, புதுக் கொக்கி வாங்கிடுங்க.