தம்பிக்கு ஐந்து வருடம்: அப்பீல் போகலாமா?

குடமுருட்டிக்கரை:
போன வாரம் தஞ்சாவூர் கோர்ட்டில் என் தம்பிக்கு ஐந்து வருடம் போட்டுவிட்டார்கள். நடந்தது 2022 மாசியில், சம்பா அறுவடை நேரம். குடித்துவிட்டு கார் ஓட்டிவந்தான். திருவையாறு பக்கம் ரோட்டோரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் மேல் ஏற்றிவிட்டான். அவர் அங்கேயே இறந்துபோனார். போலீஸ் முதலில் 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் என்று போட்டார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் 304 இரண்டாம் பாகமாக, அதாவது உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்த குற்றமாக மாற்றிவிட்டார்கள். தண்டனை மூன்று வருடத்தைத் தாண்டியதால் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே அதை நிறுத்திவைக்க முடியாதாம். அன்றைக்கே திருச்சி மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பீலுக்கு 60 நாள் இருக்கிறது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டில் எல்லோரும் போகச் சொல்கிறார்கள், எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை.

விதைநெல்:
போகாதீர்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான் போனார், 2016இல், மன்னார்குடி ரோட்டில். சைக்கிள் கேரியரில் இருந்த யூரியா மூட்டை கிழிந்து ரோடெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு நடுவில் அவருடைய ஒரு செருப்பு. அதை எடுத்துவந்தது நான்தான். ஓட்டியவர் மேல் வெறும் 304ஏ, அதில் அப்போது அதிகபட்சமே இரண்டு வருடம்தான். கடைசியில் கிடைத்தது சில மாதம், அதையும் அப்பீலில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தண்டனை போதாது என்று நாங்கள் மேலே போகலாமா என்று கேட்டோம். முடியாது என்றார்கள். விடுதலை ஆனாலோ, சின்னக் குற்றமாகக் குறைத்தாலோ, நஷ்டஈடு போதாவிட்டாலோதான் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாமாம். தண்டனையைக் கூட்டச் சொல்லிப் போவது அரசு மட்டும்தானாம். இடித்தவருக்கு மேலே ஏறப் படி இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

மேலவீதி வக்கீல்:
அம்மா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது மாற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உங்களுக்குக் கிடைக்காத கதவை இன்னொருவருக்கும் சாத்துவது தீர்வாகாது. முதல் அப்பீல் என்பது சலுகை இல்லை, உரிமை.

தம்பி, நீங்கள் போக வேண்டியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. சண்டை ஒரே ஒரு சொல்லில்தான்: உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே ஓட்டினானா, இல்லை கவனக்குறைவா? மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006இல் 7 பேர் இறந்த பெரேரா வழக்கில் கீழ்க்கோர்ட் கொடுத்தது 6 மாதம். உயர் நீதிமன்றம் 3 வருடமாக்கியது, 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1999 டெல்லி பிஎம்டபிள்யூ வழக்கில் 6 பேர் இறந்தும், உள்ளே இருந்த இரண்டு வருடம் போதும் என்று சொல்லி, 50 லட்சம் கட்டவும் சமூக சேவை செய்யவும் உத்தரவானது. இரண்டுமே 304 இரண்டாம் பாகம்தான். உங்கள் தம்பி மட்டும் அப்பீல் போட்டால் அதில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசும் போட்டால் கூடலாம்.

கடைமடை:
கண்டிப்பாகப் போங்கள் அண்ணே. ராத்திரியில் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் கல்லை வைத்தால் குடிக்காதவனே மோதுவான். அதை ஏன் யாரும் கேட்கவில்லை? அப்புறம், கைதாகி இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தார்களா? அந்த ஒரு பாயிண்டே போதும்.

விதைநெல்:
நெல்லை ரோட்டில் போடுவது ஆசைக்கா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். ஊரில் களம் கிடையாது. பனியில் நனைந்தால் முளைத்துவிடும். அதற்குத்தான் அந்தப் பெரியவர் அந்தக் குளிரில் படுத்திருந்தார். செத்தவர் மேலேயே பழி போடாதீர்கள்.

கடைமடை:
பழி போடவில்லை அக்கா. கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் களம் கட்டாதது அரசு, மதுக்கடை திறந்து விற்பதும் அரசு. எல்லாம் சேர்ந்து ஒருத்தன் தலையில் விழுவதைத்தான் சொல்கிறேன்.

மேலவீதி வக்கீல்:
கடை திறந்திருந்தது யாரையும் காப்பாற்றாது. சட்டம் விடுவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான். இரண்டு மணி நேரக் கணக்கைத் தாராளமாக வாதாடலாம். ஆனால் ரத்தம் தாமதமாக எடுத்தால் அளவு குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

குடமுருட்டிக்கரை:
நேற்று மனு போட்டுத் தம்பியைப் பார்த்தேன். எங்கள் வக்கீலும் அந்த ரத்தப் பாயிண்டைத்தான் எடுக்கச் சொல்கிறார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "குடிக்கலைன்னு மட்டும் எழுதிடாதண்ணே. குடிச்சிருந்தேன்" என்றான். அப்பீல் போகிறோம். குடித்ததை மறுக்கப்போவதில்லை. தெரிந்தே செய்தானா என்பதையும் தண்டனை அளவையும் மட்டும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். விதைநெல் அக்கா, அந்தப் பெரியவர் வீட்டுக்கு நான் போகலாமா?

விதைநெல்:
அப்பீல் முடியும்வரை போகாதீர்கள். இப்போது போனால் சமாதானம் பேச வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் பழத்தட்டோடு வந்தார், அம்மா கதவைத் திறக்கவே இல்லை. முடிந்த பிறகு, தீர்ப்பு எப்படி வந்தாலும், வெறுங்கையோடு போங்கள்.